சிங்கப்பூருக்கு செங்கல் சுட்டவர்!

விஸ்வநத்தம் போயிருக்கிறீர்களா? சிவகாசியை ஒட்டினாற்போல இருக்கும் ஊர். அந்த வட்டாரத்தில் 'ஆபீஸ்' என்றால் மேஜை, நாற்காலி, ஃபைல் என்று நினைத்து ஏமாந்து விடாதீர்கள். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே அங்கே 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் பேர்!

அந்தப் பக்கம் போயிருந்தபோது, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். ''தீ விபத்துனு வந்துட்டா மொத்த முதலும் ஒரே நாள்ல போயிடுமே அண்ணாச்சி... அப்புறம் எப்படி எந்திரிப்பீங்க?'' என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ''உசுரு போச்சுன்னா அதுக்கு ஈடு கிடையாது தம்பி. அதை விட்ருங்க. சரக்கு போச்சுன்னா, நாலு பேர்ட்ட கடன் வாங்கி மறுபடி முதல் போட்ரலாம். ஆனா, வாக்கு போச்சுன்னா எவன் தருவான்?''

எனக்கு சட்டென்று ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. விஸ்வநத்தத்துக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஆனால், 200 வருஷங்களுக்கு முன்னால் அந்த அண்ணாச்சி சொன்னதை கடல் கடந்துபோய் நிரூபித்துக் காட்டியவர் அவர்.

சிவகாசிக்காரர்களுக்கு இதில் வரும் 'பிழைக்கப் போன கதை' புதிதாக இருக்காது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். வானம் பார்த்த அந்த பூமியின் தலையெழுத்தே மாறியது. அவர்கள் வெளியூர் போய் தொழிலை ஊருக்குக் கொண்டு வந்தவர்கள். நான் சொல்லப் போகிற மனிதர் நேர்மாறு. வெளியூர் போய், அங்கே ஓர் ஊரையே கட்ட ஆரம்பித்தவர்!

அவர் பெயர் நாராயண பிள்ளை. ஆங்கிலேயர்கள் வாயில் அது 'நரைனா பிள்ளை' ஆனது.

கதை பினாங்கில் ஆரம்பிக்கிறது. 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் என்பவர் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். அடுத்த சில வருஷங்களிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்கினார்கள். வியாபாரிகள், படகோட்டிகள், கூலிகள், கணக்குப்பிள்ளைகள்... எல்லா ரகமும்! அப்படியொரு தமிழ்க் கூட்டத்துக்கு நடுவில் கம்பெனி அரசாங்க வேலையில் இருந்தவர் நாராயண பிள்ளை.

1819-ம் வருஷம் பிப்ரவரி 6-ம் தேதி, ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் ஒரு காரியம் செய்தார். மலாய் தீபகற்பத்தின் தென்கோடியில் இருந்த சிங்கப்பூர் தீவில், சுல்தான் ஹுசைனோடும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானோடும் ஒப்பந்தம் போட்டு, கம்பெனிக்கு ஒரு வியாபார ஸ்தலம் அமைக்க அனுமதி வாங்கினார். அப்போது அந்த ஆற்று முகத்துவாரத்தில் இருந்தது ஒரு சின்ன கிராமம்தான். சுற்றிலும் சதுப்பு நிலம், காடு, கொசு!

ராஃபிள்ஸோடு கூட வந்தவர்களில் சுமார் 120 இந்திய சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் துணி துவைக்க, டீ போட, பால் கறக்க என்று ஒரு பரிவாரம். அவர்கள் எல்லாம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள். மே மாதக் கடைசியில் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாக 'இந்தியானா' என்ற கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது, கூடவே இறங்கினார் நாராயண பிள்ளை. இவர் வந்தது உத்தரவுக்காக இல்லை... பிழைப்பைத் தேடி!

முதலில் கிடைத்த வேலை, கம்பெனி கஜானாவில் நோட்டக்காரர் வேலை. அந்தக் காலத்தில் அந்தக் கடல் பகுதி முழுக்க ஓடியது ஸ்பானிய வெள்ளி நாணயங்கள். எது நல்ல காசு, எது கள்ளக் காசு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, எடை பார்த்துச் சொல்கிற கண்ணும் காதும் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஆள் நம்பிக்கையானவனாக இருக்க வேண்டும். நாணயம் பார்ப்பவனுக்கு முதலில் நாணயம் வேண்டும் இல்லையா?

ஆனால், அந்த வேலை நிலைக்கவில்லை. நிரந்தரமாக வேலை பார்க்க மலாக்காவிலிருந்து வேறு ஆள் வந்து சேர்ந்தார். இவருடைய நாற்காலி காலி!

வேறு யாராவது என்றால், 'போதுமடா சாமி' என்று அடுத்த கப்பலில் பினாங்கு திரும்பியிருப்பார்கள். பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சுங்க வரி கிடையாது என்று ராஃபிள்ஸ் அறிவித்ததும், மலாய்க்காரர்கள், சீனர்கள், பூகிஸ் இனத்தவர்கள் என்று கூட்டம் சேர்கிறது. எல்லாருக்கும் தங்க இடம் வேண்டும். கடை வேண்டும், கிடங்கு வேண்டும். ஆனால், வீடு கட்ட கொத்தனாரும் இல்லை, செங்கலும் இல்லை!

பிள்ளை பினாங்குக்கு ஆள் அனுப்பினார். ''கொத்தனார்களை அனுப்புங்கள், தச்சர்களை அனுப்புங்கள், ஜவுளி வியாபாரிகளையும் வரச் சொல்லுங்கள்...'' என்பதுதான் தகவல். தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். நம்ம மதுரை, விருதுநகர் பக்கத்துப் பேச்சில் சொன்னால், காளவாசல். சிங்கப்பூரின் முதல் கட்டடக் கான்ட்ராக்டர் என்று சரித்திரம் அவரைத்தான் குறித்து வைத்திருக்கிறது. இன்று வானத்தை முட்டும் கட்டடங்கள் நிற்கிற அந்த நகரத்தின் கட்டுமானத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு தமிழ்ப் பிள்ளை!

ஆனால், ஒன்றை மறந்து விடக்கூடாது. சூளையில் மண் மிதித்தவர்கள், கரணை பிடித்த கொத்தனார்கள் பெயர் எதுவும் சரித்திரத்தில் ஏறவில்லை. அழைத்து வந்தவர் பெயர் நின்றது. வந்தவர்கள் பெயர் நிற்கவில்லை. கட்டடத்துக்குள் செங்கல் இருப்பது மாதிரிதான்... சுண்ணாம்பு பூசியதும் மறைந்து போகும்.

செங்கல் வியாபாரம் கை கொடுத்ததும், பிள்ளை அடுத்த படி ஏறினார். கிராஸ் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக் கடை திறந்தார். இந்தியாவிலிருந்து வரும் பருத்தித் துணிக்கு அந்தத் தீவுகளில் எப்போதுமே கிராக்கி. அன்றைக்கு சிங்கப்பூரில் வியாபாரம் நடந்த விதம் இதுதான்: வெள்ளைக்கார வியாபாரிகள் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள். உள்ளூர் கடைக்காரர்கள் விற்றுவிட்டு, தவணையில் பணத்தைக் கட்டுவார்கள். பிள்ளைக்கும் அப்படித்தான் சரக்கு வந்தது. கடை பெரிதாக பெரிதாக, கடனும் பெரிதானது.

1822. கடையில் தீ பிடித்தது. எல்லாம் சாம்பல்!

சரக்கு எரிந்து போனது. ஆனால், கடன் எரியவில்லை. கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஊரே மூன்று வயதுக் குழந்தை. உற்றார் உறவினர் என்று தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத சீமை. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு படகு பிடித்து மறைந்து போவது அந்தத் துறைமுகத்தில் ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை.

பிள்ளை ஓடவில்லை. அங்கேயே நின்று பேசினார். ராஃபிள்ஸ் அந்த வருஷம் அக்டோபரில் மூன்றாவது முறையாக சிங்கப்பூர் வந்தபோது, அவரிடமே போய் முறையிட்டார். அவர் கேட்டது பிச்சை இல்லை... மறுபடி எழுந்து நிற்க ஒரு துண்டு நிலம்!

கிடைத்தது. எங்கே தெரியுமா? 'கமர்ஷியல் ஸ்கொயர்' என்ற இடத்தில். அப்போதுதான் ஒரு சின்னக் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு ஆற்றோரச் சதுப்பை மேடாக்கிக் கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் வேலை செய்து உருவாக்கிய புத்தம் புது வியாபார மையம் அது. 1858-ல் அதற்குத்தான் 'ராஃபிள்ஸ் பிளேஸ்' என்று பெயர் மாற்றினார்கள். இன்றைக்கு சிங்கப்பூரின் பெரிய பெரிய வங்கிகள் நிற்கிற இடம். அங்கே ஒரு அடி நிலம் என்ன விலை என்று கேட்டால் நமக்குத் தலை சுற்றும்!

பிள்ளை அங்கே மறுபடி வியாபாரத்தைத் தொடங்கினார். நிமிர்ந்தார். கடனையும் அடைத்தார்.

இதில் ராஃபிள்ஸின் தாராள மனசை மட்டும் பார்த்து நெகிழ்ந்துவிடக் கூடாது. கம்பெனிக்காரன் எப்போதும் கணக்குப் பார்க்கிறவன். ஊர் வளர வேண்டும் என்றால் பிள்ளை மாதிரி ஆட்கள் நிலைத்து நிற்க வேண்டும். அவர் தோற்று ஓடினால், அவரை நம்பி வந்த கொத்தனாரும் தச்சரும் ஜவுளிக்காரரும் கூடவே ஓடுவார்கள். ஆக, அந்த நிலம் ஒரு தனி மனிதருக்குக் கொடுத்த சலுகை மட்டும் இல்லை. ஒரு கூட்டத்தையே தக்க வைத்துக்கொள்ளப் போட்ட முதலீடு.

இங்கேதான் பிள்ளையின் அடுத்த அவதாரம் வருகிறது.

சிங்கப்பூரை ஆரம்பத்தில் எப்படி நிர்வாகம் செய்தார்கள் என்று தெரிந்து கொள்வது சுவாரஸ்யமானது. 1819 ஜூன் 26-ம் தேதி போட்ட ஏற்பாட்டின்படி, திங்கட்கிழமை தோறும் காலை 10 மணிக்கு ஒரு சபை கூடும். சுல்தான், தெமெங்கோங், கம்பெனியின் ரெசிடென்ட் மூவரும் அதில் உட்காருவார்கள். அந்த இடத்துக்கு 'ரூமா பிச்சாரா' என்று பேர். மலாயில் ரூமா என்றால் வீடு. பிச்சாரா என்றால் பேச்சு, வழக்கு. நம்ம 'விசாரணை' என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்! ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தலைவர். அவரவர் ஆட்களின் சண்டை சச்சரவுகளை அவரே தீர்க்க வேண்டும். அவர் தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் இந்த சபைக்கு வரலாம். நம்ம ஊர் நாட்டாமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால், இந்த நாட்டாமைக்குப் பின்னால் ஆலமரம் இல்லை. அந்நிய அரசாங்கம் இருந்தது.

பினாங்கிலும் இந்த முறை இருந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் மொகிதீன், அங்கே 'கப்பித்தான் கெலிங்' என்ற பட்டத்தோடு தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்தார். 1801-ல் கம்பெனியிடம் அவர் பெற்ற நிலத்தில் எழுந்ததுதான் இன்றும் அவர் பட்டப் பெயரிலேயே நிற்கும் பள்ளிவாசல்.

சிங்கப்பூரில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களுக்குத் தலைவராக நாராயண பிள்ளையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தமிழர்களுக்குள் வரும் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் அதிகாரம் அவருக்கு. இன்றைய பாஷையில் சொன்னால், பாஸ்போர்ட் இல்லாத தூதர்! தூதருக்குப் பின்னால் ஒரு நாடு இருக்கும். இவருக்குப் பின்னால் எந்த நாடும் இல்லை. 1824 ஜனவரியில் எடுத்த முதல் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் ஜனத்தொகை 10,683. அதில் இந்தியர்கள் வெறும் 756 பேர். கம்பெனியிடம் பேரம் பேச பீரங்கியா இருக்கிறது? வாக்கு ஒன்றுதான் இருந்தது.

அந்த வாக்கை வைத்துக்கொண்டு அவர் அரசாங்கத்தோடு நடத்திய பெரிய பேச்சுவார்த்தை எதற்குத் தெரியுமா? ஒரு கோயிலுக்கு நிலம் வாங்க!

இது சாமி விஷயம் மட்டும் இல்லை. ஊர் விட்டு ஊர் போனவனுக்கு, கால் வைத்த இடம் எப்போது 'நம்ம ஊர்' ஆகிறது? வேலை கிடைத்ததும் ஆகி விடாது. 'இங்கே எங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது' என்று சொல்ல முடிகிறபோதுதான் ஆகிறது.

1822-ல் அரசாங்கம் தெலோக் ஆயர் தெருவில் ஓர் இடம் ஒதுக்கியது. போய்ப் பார்த்தால், கோயில் காரியங்களுக்குத் தோதான நல்ல தண்ணீர் வசதி இல்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் கோயிலா? வேண்டாம் என்று சொல்லிவிட்டார் பிள்ளை. அடுத்து ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. இப்போது வேறு வம்பு. நகரத்தை இனவாரியாகப் பிரித்து ராஃபிள்ஸ் போட்ட புதிய நகர வரைபடத்துக்கு அந்த இடம் பொருந்தி வரவில்லை. அதுவும் போச்சு!

மூன்றாவதாக 1823-ல் அமைந்ததுதான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள இடம். அரசாங்கம் கொடுத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லி, உறவையும் கெடுத்துக்கொள்ளாமல், மறுபடி வேறு இடம் கேட்டு வாங்குவது சும்மாவா? இரண்டு முறை 'இல்லை' என்று ஆன பிறகும் மூன்றாவது முறை கதவைத் தட்டுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். கதவு திறக்க வேண்டுமானால், தட்டுகிற ஆள் மேல் உள்ளே இருப்பவனுக்கு மரியாதை வேண்டும்.

1827-ல் அங்கே மரமும் ஓலையுமாக ஒரு கோயில் எழுந்தது. பிள்ளை அங்கே பிரதிஷ்டை செய்தது மாரியம்மனை. சின்ன உருவம் என்பதால் 'சின்ன அம்மன்' என்பார்கள். அது பொருத்தமான தேர்வு. நம்ம பக்கத்தில் இருக்கன்குடிக்கு ஜனங்கள் ஏன் நடந்து போகிறார்கள்? அம்மை வந்தால், காய்ச்சல் வந்தால், 'தாயே காப்பாத்து' என்று சொல்ல ஒருத்தி வேண்டும். டாக்டர் இல்லாத, கொசு மொய்க்கும் ஒரு சதுப்புத் தீவில் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

செங்கல் சுட்டவரின் கோயில் ஓலையில் தொடங்கியது ஒரு வேடிக்கை. 1843-ல் அது செங்கல் கட்டடமானது. இன்று நாம் பார்க்கும் கட்டடத்தின் பெரும்பகுதி 1862-63-ல் எழுந்தது. பக்கத்திலேயே, அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில், அன்சார் சாயிப் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் ஜாமியா சூலியா பள்ளிவாசலைத் தொடங்கியிருந்தார்கள். இன்றும் அந்தப் பள்ளிவாசலும் இந்தக் கோயிலும் ஒரே தெருவில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கின்றன. சுற்றிலும் இருப்பது சைனா டவுன்! கோயிலின் இரண்டு பக்கத்துத் தெருக்களுக்கும் கோயிலை வைத்துத்தான் பெயர்: பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட்.

கோயில் செய்த வேலை பூஜையோடு நிற்கவில்லை. கப்பலில் வந்து இறங்கும் தமிழனுக்கு, வேலையும் தங்க இடமும் கிடைக்கும் வரை அங்கேதான் ஜாகை. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இந்துத் திருமணங்களை நடத்தி வைக்க அங்கீகாரம் பெற்றிருந்த ஒரே கோயிலும் இதுதான். புதிதாக வந்தவன் படுக்கவும், பழகினவன் குடும்பம் நடத்தத் தொடங்கவும் ஒரே வாசல்!

இப்போது கணக்குப் பாருங்கள். பிள்ளை தனக்கென்று கட்டியது என்ன? தஞ்சோங் பகாரில் சூளை. அது இல்லை. கிராஸ் ஸ்ட்ரீட்டில் கடை. தீயில் போனது. கமர்ஷியல் ஸ்கொயரில் தலை நிமிர்ந்த வியாபாரம். அந்த இடத்தில் இன்று வேறு உலகமே நிற்கிறது. தனக்காகக் கேட்டு வாங்கிய இடங்கள் எல்லாம் கை மாறிவிட்டன. எல்லாருக்குமாகக் கேட்டு வாங்கிய ஒரே ஓர் இடம் மட்டும் 200 வருஷமாகக் கை மாறவில்லை!

அந்தக் கோயிலை சிங்கப்பூர் அரசாங்கம் 1973-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2019-ல், ராஃபிள்ஸ் வந்து இறங்கி 200 வருஷம் ஆனதைக் குறித்தபோது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் வேறு நான்கு பேருக்கும் சிலை வைத்தார்கள். 'ஊரை உண்டாக்கியது ஒருத்தர் மட்டும் இல்லை' என்று சொல்வதற்காக. அந்த நால்வரில் ஒருவர் நம்ம நாராயண பிள்ளை! ஒரு காலத்தில் நிலம் கேட்டு ராஃபிள்ஸ் முன்னால் போய் நின்ற மனிதர், அவருக்குச் சரிசமமாகப் பக்கத்தில் நின்றார்.

இன்னொரு விஷயம். சிங்கப்பூரில் 1972-லிருந்து பட்டாசுக்குத் தடை. ஆகவே, நம்ம சிவகாசி சரத்துக்கு அங்கே வேலை கிடையாது. ஆனால், ஐப்பசியில் தீபாவளிக்கு சுமார் ஒரு வாரம் முன்னால், அந்த மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதித் திருவிழா நடக்கும். 1840-லிருந்து நடந்து வருகிற வழக்கம். நேர்ந்துகொண்ட பக்தர்கள் செராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து, வரிசையில் காத்திருந்து, நெருப்பில் இறங்கி அந்தப் பக்கம் ஏறுவார்கள்.

அம்மனுக்கு நேர்ந்துகொண்டு கொடுத்த வாக்கை நிறைவேற்றத்தான் அவர்கள் நெருப்பில் இறங்குகிறார்கள். அந்தக் கோயிலுக்கு இடம் வாங்கித் தந்தவரும் ஒரு காலத்தில் நெருப்பில் எல்லாவற்றையும் இழந்தவர்தான். அவரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் ஏறினார்.

விஸ்வநத்தத்து அண்ணாச்சிக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொன்னால், ''நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல தம்பி!'' என்பார்.